இடத்தை விட்டு எழுந்திருக்காத வயலின்

கிளாசிக்கல் இசையையும் ஹிப்-ஹாப்பையும் கலக்கிறார் என்று யாராவது ஒருவரை எனக்குச் சிபாரிசு செய்தால் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: எதற்காகக் கலக்கிறார்? ஏனென்றால் அந்த வகையில் வருவதில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. எல்லோருக்கும் தெரிந்த விவால்டி மெட்டு ஒன்று, அடியில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிரம் லூப், மேடையில் புகை. இளைஞர்களை உள்ளே இழுக்கிறோம் என்பார்கள், கடைசியில் இரண்டு இசைக்குமே அரைகுறை மரியாதைதான் மிஞ்சும். டேனியல் பெர்னார்ட் ரூமெய்ன் இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற ஆள். அந்தப் பதில் அவர் எழுதிய இசைக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்ச காலமாக வேறு எதிலும் மனம் போகாமல் அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

அறிமுகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஹெய்ட்டியிலிருந்து அமெரிக்காவுக்கு வந்த பெற்றோருக்கு 1970-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்கோக்கியில் பிறந்தவர். வளர்ந்தது தெற்கு ஃபுளோரிடாவில். ஐந்து வயதில் வயலின். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பிளேர் இசைப் பள்ளி, பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசையமைப்பில் முனைவர் பட்டம். அப்புறம் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெம், பில் டி. ஜோன்ஸின் நடனக் குழுவுக்கு இசை இயக்குநர். இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸோடும் வேலை செய்திருக்கிறார், பாப் பாடகி லேடி காகாவோடும் செய்திருக்கிறார். இஎஸ்பிஎன் தொலைக்காட்சிக்குச் செய்த இசைக்கு விளையாட்டு எம்மி விருது வாங்கியிருக்கிறார். சுருக்கமாக டிபிஆர் என்றே அவரை எழுதுகிறார்கள்.

இந்தப் பட்டியலைப் படித்தால் எல்லாப் பக்கமும் கால் வைக்கிற மனிதர் என்றுதான் தோன்றும். கேட்டால் அப்படித் தோன்றாது. அவர் இசையில் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்பது, எழுந்து போகச் சொன்ன இடத்தில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பிடிவாதம். கச்சேரி மண்டபமும் என் இடம், நடனத் தளமும் என் இடம், ஒன்றில் உட்கார்வதற்காக இன்னொன்றைக் காலி செய்ய மாட்டேன் என்கிற பிடிவாதம். இதைப் புரிந்துகொள்ள அவர் வளர்ந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

1980-களின் தெற்கு ஃபுளோரிடா. மயாமியிலும் பக்கத்து பிரவார்ட் கவுண்டியிலும் கார்களின் பின்பெட்டிகள் அதிர ஓடிய இசைக்கு மயாமி பேஸ் என்று பெயர். அதன் அஸ்திவாரம் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் வெளியிட்ட டிஆர்-808 என்ற டிரம் மெஷின். அதில் ஒரு பாஸ் டிரம் ஓசை உண்டு, அடித்த பிறகும் அடங்காமல் வயிற்றுக்குள் நீண்டு போகும். அந்த இசையின் மிகப் பிரபலமான குழு டூ லைவ் க்ரூ. 1990 ஜூனில் அவர்களுடைய ஆல்பம் ஒன்றை ஆபாசம் என்று ஃபோர்ட் லாடர்டேலில் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். அந்த ஆல்பத்தை விற்ற ஒரு கடைக்காரர் கைது. அதைப் பாடியதற்காகக் குழுவினரும் கைது. இரண்டு வருஷம் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அந்த வரிகள் எனக்கும் உவப்பானவை இல்லை, ஆனால் பாட்டுக்காக ஒருவரைக் கைவிலங்கு போட்டு இழுத்துப்போகலாம் என்று ஒரு ஊர் நினைத்தது என்பதுதான் இங்கே விஷயம். ரூமெய்ன் இருபதை எட்டிக்கொண்டிருந்த வயது. அவர் வளர்ந்த ஊர்ப்பக்கம்தான் அது.

இதே ஆண்டுகளில் ஹெய்ட்டிக்காரராக இருப்பதும் லேசான காரியம் இல்லை. 1983-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எய்ட்ஸ் ஆபத்துள்ள குழுக்களில் ஒன்றாக ஹெய்ட்டி மக்களைச் சேர்த்தது. ஒரு முழு நாட்டுக்காரரையும் நோயின் பெயரோடு கட்டிப்போட்டார்கள். 1985-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், ஆனால் தெருவிலும் பள்ளியிலும் ஒட்டிய முத்திரை அவ்வளவு சீக்கிரம் போகுமா? 1990-ல் ஹெய்ட்டிக்காரர்களிடம் ரத்ததானம் வாங்க வேண்டாம் என்று உணவு மருந்து நிர்வாகம் சொன்னபோது, ஏப்ரல் 20 அன்று பல்லாயிரம் ஹெய்ட்டி மக்கள் நியூயார்க்கில் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்து போனார்கள். அந்தத் தலைமுறையில் வளர்ந்த ஒருவர் தன் முதல் வயலின் கான்செர்ட்டோவுக்கு (தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது) 'வூடூ வயலின் கான்செர்ட்டோ' என்று பெயர் வைக்கிறார் என்றால் அதைச் சும்மா அலங்காரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஹாலிவுட் படங்கள் பொம்மையில் ஊசி குத்திக் கேலிக்கூத்தாக்கிய ஹெய்ட்டி மதமான வோடூவின் பெயர் அது. 1791 ஆகஸ்டில் புவா கைமன் என்ற இடத்தில் நடந்த வோடூ சடங்கிலிருந்துதான் அடிமைகளின் கிளர்ச்சி தொடங்கியதாக ஹெய்ட்டி மக்கள் சொல்கிறார்கள். அந்தக் கிளர்ச்சி 1804 ஜனவரி 1 அன்று ஒரு சுதந்திர நாடாக முடிந்தது. சிம்பனி மண்டபத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தப் பெயரை அச்சடிக்க வைத்ததே பாதி வேலை என்பேன்.

சரி, இசைக்கு வருகிறேன். முதலில் கேட்க வேண்டியது 'ஃபில்டர்'. ஒற்றை வயலினுக்கு எழுதியது, துணைக்கு ஒன்றுமே கிடையாது. டிஜே மேசையில் ஃபில்டர் என்று ஒரு குமிழ் இருக்கும், அதைத் திருப்பினால் பாட்டின் அடிப்பாகம் மெல்ல மறைந்து மேல் ஓசை மட்டும் சல்லடையில் தங்கியது போல நிற்கும், திரும்பத் திருப்பினால் அடிப்பாகம் திடும் என்று வந்து விழும். வயலினில் அந்தக் குமிழ் வலது கையில் இருக்கிறது. வில்லைத் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுரத்தின் அடிநாதம் மெலிந்து, மேலே உள்ள நாதங்கள் கண்ணாடித் தூள் மாதிரி எழும்பும். விரல்பலகைப் பக்கம் இறக்கினால் ஓசை புகைபோல மங்கும். இது நூற்றாண்டுகளாக வயலின்காரர்களுக்குத் தெரிந்த கைவேலைதான். இந்தத் துண்டைக் கேட்கும்போது எனக்குக் காதில் விழுவது அந்தக் கை ஒரு டிஜேயின் கையாக மாறுவது. வேகமான குறுக்கு வில், ஒரு கணம்கூட மூச்சு விடாத ஓட்டம், கரகரப்பு. கரகரப்பைக் குறையாக நினைத்து மழுப்பவே இல்லை.

ஹிப்-ஹாப்புக்கு எட்யூட் எழுதியிருக்கிறார் என்பதும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எட்யூட் என்றால் பயிற்சித் துண்டு. மேற்கத்திய வயலின் படிக்கும் எந்தப் பிள்ளையும் குரொய்ட்ஸர் எழுதிய 42 எட்யூட்களில் வியர்வை சிந்தாமல் தப்ப முடியாது. ஒவ்வொன்றும் கையின் ஒரு குறிப்பிட்ட கஷ்டத்துக்கு என்று எழுதியது. ஒரு இசைவகைக்கு எட்யூட் எழுதுகிறோம் என்றால் அதற்கென்று தனிக் கைத்திறன் உண்டு, உட்கார்ந்து பழகினால்தான் வரும் என்று சொல்கிறோம். ஹிப்-ஹாப்புக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு வயலின்காரர் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. 2007-ல் அவர் வெளியிட்ட, எட்யூட்களையும் எலெக்ட்ரானிக்ஸையும் சேர்த்த ஆல்பத்தில் ஃபிலிப் கிளாஸ், ரியூச்சி சகமோட்டோ, டிஜே ஸ்பூக்கி எல்லோரும் வருகிறார்கள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அந்த ஆல்பத்தில் சில துண்டுகளில் எலெக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் வயதாகிவிட்டது போல இருக்கிறது. தனி வயலினுக்கு வயதாகவில்லை.

மிச்சிகனில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர்களும் சரியான ஆட்கள். வில்லியம் போல்காம், மைக்கேல் டாக்டர்டி. போல்காம் ராக்டைம் பியானோ இசையைத் திரும்ப உயிர்ப்பித்தவர்களில் ஒருவர். டாக்டர்டி சூப்பர்மேனையும் ராக் பாடகர் எல்விஸையும் வைத்து இசை எழுதியவர். எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்ற சுவரை அந்த இரண்டு பேரும் ஏற்கெனவே இடித்து வைத்திருந்தார்கள். ரூமெய்ன் அந்த வழியாக உள்ளே போய் அவர்கள் போகாத இடத்துக்குப் போனார்.

அந்த இடம் என்று நான் சொல்வது அவருடைய ஸ்டிரிங் குவார்டெட்கள். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஹைடன், பீத்தோவன் காலத்திலிருந்து, இசையமைப்பாளர் தன்னிடம் இருக்கிற ஆகச் சீரியஸான விஷயத்தைச் சொல்லும் வடிவம் இது. மறைக்க இடமே கிடையாது. ரூமெய்ன் இதைக் கையில் எடுத்து, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராக எழுதினார். முதலாவது மால்கம் எக்ஸுக்கு. இரண்டாவது மார்ட்டின் லூதர் கிங்குக்கு. மூன்றாவது ஹார்லெமின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பாதிரியாராகவும் இருந்த ஆடம் கிளேட்டன் பவலுக்கு. நான்காவது எழுத்தாளர் மாயா ஏஞ்சலோவுக்கு. ஐந்தாவது, 2005-ல் எழுதியது, ரோசா பார்க்ஸுக்கு.

இந்த ஐந்தாவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 1955 டிசம்பர் 1, அலபாமாவின் மாண்ட்காமரி நகரப் பேருந்து, 42 வயது தையல்காரப் பெண், வெள்ளைப் பயணிக்காக இருக்கையை விட்டு எழுந்திருக்கச் சொன்ன ஓட்டுநர். கதை எல்லோருக்கும் தெரியும். அவர் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார் என்று பலர் சொல்வார்கள், அவரே தன் சுயசரிதையில் அதை மறுத்திருக்கிறார். உடம்பில் களைப்பு ஒன்றும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப்போயிருந்தேன் என்கிறார். அடுத்து வந்தது 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு. முதல் பகுதிக்கு ரூமெய்ன் வைத்திருக்கும் தலைப்பு 'நகர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்'. உட்கார்ந்திருப்பதை எப்படி இசையாக்குவது? சோகமான மெதுவான மெட்டு ஒன்றைப் போட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போட்டது துடிப்பு. உட்கார்ந்த இடத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்கிற துடிப்பு. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, குவார்டெட் வாசிப்பவர்களும் பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசிக்கிறார்கள். நான்கு பேர், நான்கு இருக்கை. அவ்வளவு வேகமும் இருக்கையிலிருந்தே வருகிறது.

இரண்டாவது பகுதியின் பெயர் 'க்ளாப் யுவர் ஹேண்ட்ஸ்', பெயருக்கேற்பக் கைதட்டல். வாசிப்பவர்களே கைதட்டித் தாளம் போட வேண்டும். தலைப்பை ஆங்கிலத்தில் சுவரில் கிறுக்கியது போன்ற கொச்சை எழுத்துக்கூட்டலில் (Klap Ur Handz) வேண்டுமென்றே வைத்திருக்கிறார். இந்தக் கைதட்டலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசணும்.

1739-ல் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், டிரம் அடித்துக்கொண்டே ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷமே, 1740-ல், அடிமைகள் டிரம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. டிரம்மைப் பிடுங்கினால் என்ன மிச்சம்? கை, தொடை, நெஞ்சு, கால். உடம்பைத் தட்டித் தாளம் போடுகிற ஜூபா என்ற பழக்கம் அமெரிக்கத் தோட்டங்களில் அப்படித்தான் வேர்விட்டது. அங்கிருந்து தேவாலயக் கைதட்டல், சிறுமிகளின் கைதட்டு விளையாட்டு, ஆர் அண்ட் பி பாட்டின் பின்னணிக் கைதட்டல். டிஆர்-808 மெஷினில் கைதட்டலுக்கென்றே ஒரு பொத்தான் வைத்தார்கள். மயாமி பேஸ் கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் தூக்கத்திலும் அடையாளம் தெரியும். இன்னொரு பக்கம் ஹெய்ட்டி. அங்கே புரட்சி ஜெயித்ததால் டிரம் பிழைத்தது. ஆனாலும் 1941-42-ல் மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் கத்தோலிக்கத் திருச்சபை அரசாங்கத்தின் துணையோடு வோடூ கோயில்களை உடைத்து டிரம்களைக் குவித்து எரித்தது. ஒரே சமயத்தில் இந்த இரண்டு வரலாறும் ரூமெய்ன் ஒருவருக்கே உரிமைப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கறுப்பினத்தவரின் டிரம் போன கை, ஹெய்ட்டியின் எரிந்தும் தீராத டிரம். அவர் நான்கு கிளாசிக்கல் இசைக்கலைஞர்களைத் தட்ட வைக்கிறார். இதைப் புதுமைக்காகச் செய்த தந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது பகுதியின் தலைப்பு வாயில் நுழையாது, ஐசோரிதம் என்ற பழைய உத்தியின் பெயரை நீட்டி முழக்கி அவரே செய்துகொண்ட ஒரு சொல். ஐசோரிதம் 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு இசையில், ஃபிலிப் த வித்ரி, கியோம் த மாஷோ போன்றவர்களின் கையில் உச்சத்துக்குப் போன உத்தி. விஷயம் எளிது. தாள அமைப்பு ஒன்று திரும்பத் திரும்ப வரும், சுர வரிசை ஒன்றும் திரும்பத் திரும்ப வரும், ஆனால் இரண்டின் நீளமும் ஒன்றாக இருக்காது. சுரங்கள் ஐந்து, தாளத் துண்டுகள் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் ஐந்தாவது சுரம் வரும்போது தாளம் ஏற்கெனவே மறுபடி தொடங்கியிருக்கும், அடுத்த சுற்றில் இன்னும் தள்ளிப் போகும், இப்படியே வழுக்கி வழுக்கி இருபது தட்டு கழிந்த பிறகுதான் இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். காதுக்கு எப்போதும் தெரிந்த ஒன்று வருகிறது, எப்போதும் தெரியாத மாதிரி வருகிறது. ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் வெவ்வேறு நீளத்தில் இரண்டு லூப்பை ஒன்றன்மேல் ஒன்று ஓடவிட்டால் நடப்பதும் அச்சு அசல் இதுதான். அதாவது மாஷோவின் தேவாலயமும், ஹிப்-ஹாப் பிறந்த நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியும் ஒரே கணக்கைப் போட்டிருக்கின்றன. ரூமெய்ன் இரண்டு பக்கத்தையும் ஒட்டுப் போட்டு இணைக்கவில்லை, ஏற்கெனவே ஒட்டியிருக்கிற இடத்தைக் காட்டுகிறார். என்னைக் கேட்டால் கலப்பு இசையில் இதைவிட நேர்மையான வேலை கிடையாது.

இதை ஒரு நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குடா. ஆனா சொல்ல வந்தது அரசியல்னா நேரா ராப்பாவே பாடிட்டுப் போலாமே, எதுக்கு இந்த நாலு வயலின்?" என்றான். நியாயமான கேள்வி. அப்போது சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் கறுப்பினக் கலைஞர்களின் பங்கு 2014-ல் 1.8 சதவீதம், 2023-ல் 2.4 சதவீதம். அந்த நாட்டு ஆர்கெஸ்ட்ராக்களின் சங்கமே வெளியிட்ட கணக்கு இது. இந்த மண்டபத்தில் ரோசா பார்க்ஸ் என்ற பெயரில் குவார்டெட் எழுதுவது யாரும் நீட்டாத இருக்கையில் போய் உட்காருவது. ராப் பாடுவதற்கு அவரை யாரும் தடுக்கவில்லை. பீத்தோவனின் நாற்காலி பக்கத்தில் உட்காரத்தான் அனுமதி கேட்கணும் என்று எதிர்பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை.

2017-க்கு வந்தால் இதே பிடிவாதம் ஓபராவாகிறது, அதாவது பாடி நடிக்கும் மேடை நாடகமாகிறது. தலைப்பே 'நாங்கள் அசைக்கப்பட மாட்டோம்'. பாடல் வரிகள் மார்க் பமுத்தி ஜோசஃப், இவரும் ஹெய்ட்டிப் பெற்றோரின் மகன். இயக்கம் பில் டி. ஜோன்ஸ். அரங்கேற்றம் செப்டம்பரில் ஓபரா ஃபிலடெல்ஃபியாவின் விழாவில். ஊர் முக்கியம், ஏனென்றால் கதையின் வேர் அந்த ஊரில்தான் இருக்கிறது. 1985 மே 13 அன்று ஃபிலடெல்ஃபியா காவல்துறை ஓசேஜ் அவென்யூவில் மூவ் என்ற கறுப்பின அமைப்பினர் குடியிருந்த ஒரு வரிசை வீட்டின் கூரைமேல் ஹெலிகாப்டரிலிருந்து வெடிகுண்டு போட்டது. ஒரு அமெரிக்க நகரம், தன் சொந்தக் குடிமக்கள் மேல். தீ பிடித்ததும் அணைக்காமல் எரிய விட்டார்கள். 11 பேர் செத்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். 61 வீடுகள் சாம்பல். வீட்டுக்குள் இருந்தவர்களில் உயிரோடு வெளியே வந்தது ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் மட்டும். நகர மன்றம் முறையாக மன்னிப்புக் கேட்க 2020 நவம்பர் ஆயிற்று.

ஓபராவில் இந்தக் கதை நேரடியாக வராது. நம் காலத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், பள்ளி மூடிப்போய், ஒரு அசம்பாவிதத்துக்குப் பிறகு ஓடி ஒளிகிறார்கள். ஒளியும் காலி வீடு அந்த ஓசேஜ் அவென்யூ வீடு. அங்கே இறந்தவர்களின் ஆவிகள் இருக்கின்றன, நடனக்காரர்களாக. தேடி வரும் போலீஸ்காரி லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், அவளையும் வெறும் வில்லியாக விட்டுவிடவில்லை. பிள்ளைகளில் ஒருவன் கவுண்டர்டெனர் குரலில் பாடுகிறான், அதாவது பரோக் கால ஓபராக்களின் உயரக் குரலில். குழுவின் பெண் பாடவே மாட்டாள், கவிதையாகப் பேசுவாள். தேவாலய காஸ்பெல் பாட்டு, ஆர் அண்ட் பி, ஹேண்டல் காலத்துக் குரல், மேடைக் கவிதை எல்லாம் ஒரே வீட்டுக்குள். கேட்கும்போது வகைகள் மாறுவது தெரியவே தெரியாது, ஆட்கள் மாறுவதுதான் தெரியும், ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சு இருப்பது போல. கலவை இங்கே பாத்திரப்படைப்பாகவே ஆகிவிடுகிறது. பமுத்தி ஜோசஃபும் ரூமெய்னும் 2019-ல் கார்னகி ஹாலுக்காகச் செய்த 'தி ஜஸ்ட் அண்ட் தி பிளைண்ட்' சிறார் சிறைகளையும், ஒரு கறுப்பினத் தகப்பன் தன் மகனைத் தெருவுக்கு அனுப்பும்போது படும் பயத்தையும் பற்றியது. அதில் ரூமெய்ன் மேடையிலேயே நின்று வாசிக்கிறார்.

அடுத்தது டல்சா. இதுவரை சொன்னதெல்லாம் இசைக்குள் இருக்கிற பிடிவாதம், இது நிஜத்தில் விலை கொடுத்தது. ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில் 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாட்களில் வெள்ளையர் கும்பல் கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினப் பகுதியின் 35 பிளாக்குகளை எரித்துத் தரைமட்டமாக்கியது. இறந்தவர்கள் 300 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். நூற்றாண்டு நினைவாக 2021-ல் டல்சா ஓபரா ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தது, கறுப்பின இசையமைப்பாளர்களின் படைப்புகள் மட்டும். ரூமெய்னிடம் ஒரு தனிப்பாட்டு கேட்டார்கள். வரிகளையும் அவரே எழுதினார். தலைப்பு: 'இன்னமும் எங்களைக் கொல்லவே பார்க்கிறார்கள்'. கடைசியில் கடவுள் அமெரிக்காவை ஆசீர்வதிக்கட்டும் என்று ஒரு வரி, அடுத்த வரியில் கடவுள் அமெரிக்காவைச் சபிக்கட்டும்.

பாட வேண்டியவர் புகழ்பெற்ற மெஸ்ஸோ சொப்ரானோ (பெண்களின் நடு உயரக் குரல்) பாடகி டெனிஸ் கிரேவ்ஸ், அவரும் கறுப்பினப் பெண். அந்தக் கடைசி வரி தன் மனதுக்கு ஒப்பவில்லை என்றார். வரியை மாற்றித் தரும்படி கேட்டார்கள், ரூமெய்ன் மாட்டேன் என்றார். பாட்டு நிகழ்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டது. இதில் கிரேவ்ஸ் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தன் வாயில் எந்தச் சொல் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை பாடுகிறவருக்கு உண்டு. ஆனால் அந்த இரண்டு வரியில் ஒன்றை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காது என்பதும் உண்மை. ஆசீர்வாதம் மட்டும் இருந்தால் அது நூற்றாண்டு விழாவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போகிற பாட்டு. சாபம் மட்டும் இருந்தால் வெறும் ஆத்திரம். எரிந்துபோன வீட்டின் பேரப்பிள்ளை ஒருவர் தன் நாட்டைப் பார்த்து இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்ல முடியும், அதுதான் அந்தப் பாட்டு. வேறு அரங்குகள் கைகொடுத்தன. ஓபரா பாடகி ஜெனே பிரிட்ஜஸ் பாடினார், யோராம் சவியோன் அதைப் படமாக்கினார். 2021 மே 25 அன்று, கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் கையில் கொல்லப்பட்டு ஒரு வருஷம் ஆன நாளில், இணையத்தில் வெளியானது. பிரிட்ஜஸின் அடிக்குரல் இருக்கிறதே, அந்தக் குரலில் சாபம்கூடப் பிரார்த்தனை மாதிரிதான் கேட்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அவரை ஒதுக்கிவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நியூ ஜெர்சி சிம்பனி 2021-ல் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது, இசை எழுத மட்டும் அல்ல, அந்த நிறுவனம் எப்படி நடக்க வேண்டும் என்று உள்ளே இருந்து கேள்வி கேட்கவும் சேர்த்து. 2020-ல் அவர் எழுதிய ஒரு துண்டின் தலைப்பு 'கறுப்பின மக்களை ____ வெள்ளையர் நான்' என்ற மாதிரி நடுவில் ஒரு கோடிட்ட இடத்தோடு இருக்கிறது. நேசிக்கிறேன், வெறுக்கிறேன், பயப்படுகிறேன், எதைப் போடுவது என்பது மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர் பாடு. சந்தா கட்டிக் கச்சேரிக்கு வருகிறவர் கையில் அந்த நிகழ்ச்சி நிரலைக் கொடுத்த ஆர்கெஸ்ட்ராவையும் பாராட்டத்தான் வேண்டும்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு என் யோசனை இது. 'ஃபில்டர்' முதலில், நல்ல ஹெட்ஃபோனில், சில நிமிஷம்தான். அடுத்து ரோசா பார்க்ஸ் குவார்டெட், லார்க் குவார்டெட்டின் பதிவு கிடைத்தால் அது, மூன்று பகுதியையும் இடையில் நிறுத்தாமல். டல்சா பாட்டைப் படமாகவே பாருங்கள், வேறு வேலை செய்துகொண்டே பார்க்காதீர்கள். கறுப்பின நடன அமைப்பாளர் ஆல்வின் எய்லி பற்றிய 2021 ஆவணப்படத்துக்கு அவர் போட்ட பின்னணி இசையும் இருக்கிறது, நடனத்தை இவ்வளவு கிட்டே இருந்து கவனித்த ஆள் எப்படி அடங்கி வாசிப்பார் என்பது அதில் தெரியும். ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர் எழுதிய 'டான்சர்ஸ், ட்ரீமர்ஸ் அண்ட் பிரசிடெண்ட்ஸ்' கடைசிக்கு இருக்கட்டும். ஜனாதிபதி ஆவதற்கு முன்னால் பராக் ஒபாமா ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தொகுப்பாளினி எல்லன் டிஜெனரஸோடு ஆடிய சின்ன நடனத்திலிருந்து பிறந்த இசை அது. அவர் எழுதியதில் எனக்குத் தெரிந்து இவ்வளவு குஷியான துண்டு வேறு இல்லை.